அன்புக்கு எழுபது கிலோ எதற்கு?

“பெருசுதான் சாது. சின்ன நாய்தான் வள்வள்னு குரைச்சுக்கிட்டே இருக்கும்.” நாய்க்குட்டி வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களிடம் இன்று அடிக்கடி சொல்லப்படும் வார்த்தை இது. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் என்று ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும் ராட்சத இனங்கள்தாம் குழந்தைகளிடம் பொறுமையாக இருக்கும், வீட்டுக்குள் அமைதியாகப் படுத்துக் கிடக்கும், மனிதர்மேல் சாய்ந்து நின்று பாசம் காட்டும். ஆகவே அன்பான துணை வேண்டுமென்றால் அவற்றையே வாங்க வேண்டும் என்கிறார்கள். விற்பவர்கள் மட்டும் சொன்னால் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். நாய்களை உண்மையாகவே நேசிப்பவர்களும் இதை நம்புகிறார்கள், நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெரிய நாய்கள் ஆபத்தானவை என்பது என் வாதம் அல்ல. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்று தொலைக்காட்சிகளில் நடந்த சண்டை முழுவதும் நாயால் மனிதருக்கு என்ன கேடு என்பதைப் பற்றியது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரான கேள்வி: மனிதரின் ஆசையால் இந்த நாய்களுக்கு என்ன கேடு? அவை நம்மை நேசிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரேட் டேன் தன் முழு உடலையும் நம் இடுப்பில் சாய்த்து நிற்கும்போது அதில் பொய் எதுவும் கிடையாது. சந்தேகம் நம் பக்கத்து அன்பின்மேல்தான். நேசிக்கப்போகும் உயிரை, அதன் உடலுக்கே தீங்கான ஒரு குணத்துக்காகத் தேர்ந்தெடுப்பது நேசம் ஆகாது. அந்தக் குணம் அதன் பருமன்.

பெரிய இனம் என்றாலே சாது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று 18,000-க்கும் அதிகமான நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொடரையும் படித்துப் பார்த்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம் மட்டுமே என்பது அதன் முடிவு. மீதியெல்லாம் அந்தந்த நாயின் பிறவி இயல்பு, வளர்ந்த சூழல், பழக்கிய கைகள். ‘இந்த இனம் பாசமானது’ என்று சொல்லிக் குட்டி விற்பவர், தன்னால் கொடுக்க முடியாத உத்தரவாதத்தைக் கொடுக்கிறார்.

சின்ன நாய்கள் அதிகம் குரைப்பதும் உறுமுவதும் நம் அனுபவத்தில் உள்ளதுதானே என்று கேட்கலாம். உள்ளதுதான். ஆனால் வியன்னாவில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதன் காரணத்தில் ஒரு பகுதியைக் காட்டிவிட்டது. சின்ன நாய் வளர்ப்பவர்கள் அதற்குப் பயிற்சி கொடுப்பதும் அதனோடு விளையாடுவதும் குறைவு. இன்று கண்டித்ததை நாளை விட்டுவிடுகிறார்கள். நாலு கிலோ நாய் பாய்ந்தால் வீடே சிரிக்கிறது. அறுபது கிலோ நாய் பாய்ந்தால் ஆள் விழுந்துவிடுவார் என்பதால் முதல் மாதத்திலேயே பழக்குகிறார்கள். பழக்கியதால் வந்த அடக்கத்தை எலும்பின் கனத்தால் வந்ததாக எண்ணிக்கொள்கிறோம். அதே அக்கறையைப் பதினைந்து கிலோ நாய்க்குக் கொடுத்தால் அதுவும் அடங்கிப் பழகும்.

‘சாது’ என்று பாராட்டப்படும் அமைதியின் இன்னொரு பாதியைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் செயின்ட் பெர்னார்ட் இருந்தது. சித்திரை வெயிலில் அது குளியலறையை விட்டு வெளியே வராது. ஈரத் தரையில் நெஞ்சையும் வயிற்றையும் அழுத்தி, பின்னங்கால்களை அகட்டி, நாக்கு தரையைத் தொட மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். அந்த வீட்டுச் சிறுமி குளியலறை வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவ்வப்போது குவளைத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றுவாள். “பாருங்க, எவ்வளவு சாது. எழுந்து ஒரு தொந்தரவு பண்ணாது” என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா நல்லவர், நாய்மீது உயிரையே வைத்திருந்தவர். ஆனால் எழுந்து நடமாடத் தெம்பில்லாமல் கிடக்கும் உடலை அவர் நல்ல குணம் என்று வாசித்துக்கொண்டிருந்தார். ராட்சத நாய்களின் ‘பொறுமை’ பற்றிய கதைகளில் எத்தனை இப்படி வெப்பத்தின் களைப்பும் மூட்டு வலியும் இதயத் தளர்ச்சியும் சேர்ந்து எழுதியவையோ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நாய் வலியை எளிதில் காட்டிக்கொள்ளாத விலங்கு. மூட்டு வலிக்கும் நாய் பெரும்பாலும் அழுது ஊரைக் கூட்டாது; படுத்துக்கொள்ளும்.

ஏன் இப்படி என்பதற்கான கணக்கு பழையது. 1638-ல் வெளிவந்த தன் கடைசி நூலில் கலிலியோ இதை எழுதினார். ஓர் உடலை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். அதே கணக்கின்படி, உடலின் வெப்பத்தை வெளியே விடும் மேல்பரப்பும் நான்கு மடங்குதான். ஆகப் பெரிய உடல் தன் எலும்பின்மேல் அதிகச் சுமையை ஏற்றுகிறது, தன் வெப்பத்தைக் குறைவாகவே வெளியேற்றுகிறது. இயற்கையில் பெரிதான விலங்குகள் இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கப் பல லட்சம் ஆண்டு எடுத்துக்கொண்டு தூண்போன்ற கால்களையும் அகன்ற காதுகளையும் பெற்றன. ராட்சத நாய் இனங்களின் இன்றைய உருவத்துக்கு நாம் கொடுத்த காலம் பெரும்பாலும் 150 ஆண்டு. அளவைக் கூட்டினோம், அதைச் சுமக்கும் ஏற்பாடுகளைச் செய்ய நம்மால் முடியவில்லை.

அதன் விளைவை முதலில் வெயிலில் பார்க்கலாம். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் ஈரம் ஆவியாகித்தான் அதன் உடல் குளிர வேண்டும். காற்றே ஈரமாக இருக்கும் கடற்கரை நகரங்களில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள நாய்களுக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு 10 கிலோவுக்குக் குறைந்த நாய்களைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. அது பிரிட்டனின் வெயில். நம் அக்னி நட்சத்திரத்தை நினைத்துப் பாருங்கள்.

“ஏசி போட்டு ராஜா மாதிரி வைத்திருக்கிறோம்” என்ற பதில் உடனே வரும். ஓர் அறையில் ஏசி போடலாம். தெருவில் போட முடியாது. அந்த நாய்க்குக் கோடை முழுவதும் விடியற்காலையும் பின்னிரவும் தவிர வெளியுலகமே இல்லை. தெருமுனையின் வாசம் இல்லை, மாலை நேரப் பூங்கா இல்லை, பிள்ளைகளோடு ஓட்டம் இல்லை. மின்தடை வந்தால் இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுழற்றும், ஏசியைச் சுமக்காது. துணை என்று அழைத்துவந்த உயிரை ஆண்டில் பல மாதம் ஓர் அறையில் அடைத்துவைப்பதை ராஜவாழ்வு என்று எப்படிச் சொல்ல முடியும்?

தமிழக அரசே இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டுவிட்டது. 2024-ல் வெளியான நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று கண்டு இனப்பெருக்கத்தைத் தடுக்கும் பட்டியலில் செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிஃப் ஆகிய மூன்று ராட்சத இனங்களைச் சேர்த்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் அடர்ந்த மயிரை மட்டும் பார்த்து, எடையைப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. குட்டை மயிர் உள்ள கிரேட் டேனின் வயிறும் இதயமும் எலும்பும் எந்தத் தட்பவெப்பத்திலும் ஆபத்தில்தான் இருக்கின்றன.

வயிற்றைச் சொல்கிறேன். ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு திடீரென்று காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். மேலே உணவுக்குழாய் அடைபடும், கீழே குடலுக்குப் போகும் வழி அடைபடும், உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. நாய் வாந்தியெடுக்க முயலும், நுரையைத் தவிர எதுவும் வராது. வயிற்றைத் தட்டினால் டம்டம் என்று ஒலிக்கும். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேட் டேனுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பை ஏறத்தாழ 40 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். ஐந்தில் இரண்டு. வயிற்றை உடற்சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் முன்தடுப்பு அறுவை உண்டு. முறுக்கிக்கொள்வதை அது பெருமளவு தடுக்கும். நன்றாக இருக்கும் நாயின் வயிற்றைத் தைத்துவைத்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும் என்றால், அந்த உடலை நாம் எப்படி உருவாக்கியிருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். சென்னை, கோவை போன்ற நகரங்களைத் தாண்டினால் நள்ளிரவில் இந்த அவசர அறுவையைச் செய்யும் இடம் கிடைப்பது அரிது. பெரும்பாலானவர்கள் இந்த நோயின் பெயரையே நோய் வந்த இரவில்தான் கேள்விப்படுகிறார்கள்.

அடுத்தது எலும்பு. பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம் இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஓராண்டில் ஐம்பது கிலோவைத் தொடும். ஏறக்குறைய நூறு மடங்கு. இந்த வேகத்தில் வளரும் எலும்பு எந்தச் சிறு பிழையையும் பொறுக்காது. நம் வீடுகளில் நடப்பது என்ன? ‘எலும்பு பலமாகட்டும்’ என்று கால்சியம் சிரப்பைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகள், கூடுதல் கால்சியம் அவற்றின் எலும்பு வளர்ச்சியைச் சிதைக்கிறது என்று காட்டிவிட்டன. பாசத்தில் ஊட்டுவதே நஞ்சாகும் உடல் அது. அதன்மேல் வழுக்கும் டைல்ஸ் தரை, மாடிப்படி. இடுப்பு மூட்டுக் கோளாறு, கழுத்து முள்ளெலும்பு நரம்பை நெருக்கி நடை தள்ளாடும் நோய், இதயத் தசை விரிந்து தளரும் நோய், சிறிய இனங்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும் எலும்புப் புற்றுநோய் என்று பட்டியல் நீளுகிறது. இவற்றில் ஒன்றும் துரதிர்ஷ்டம் அல்ல. வாங்கும்போதே தெரியும் வாய்ப்புகள்.

நம் சந்தையில் எந்த வார்த்தை விலையை ஏற்றுகிறது தெரியுமா? ‘ஹெவி போன்’. குட்டியின் முன்னங்காலைப் பிடித்துக் காட்டி, “எலும்பைப் பாருங்க சார், அப்பன் எண்பது கிலோ” என்பார்கள். தகப்பனுக்கு இதயப் பரிசோதனை செய்தீர்களா, இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா, பாட்டன் எத்தனை வயதில் செத்தது என்று கேட்பவர்கள் சொற்பம். கேட்டாலும் பதில் வராது. எது நாயைக் கொல்கிறதோ அதற்கே நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

இதற்கு அழுத்தமான சாட்சி உலகின் உயரமான நாய்களுக்கான கின்னஸ் பதிவு. அந்தப் பட்டம் பெற்ற கிரேட் டேன்களைப் பாருங்கள். அரிசோனாவில் வாழ்ந்த ஜயன்ட் ஜார்ஜ், 109 செ.மீ. உயரம், 2013-ல் எட்டு வயது நிரம்பும் முன் இறந்தது. மிச்சிகனின் சூஸ், 111.8 செ.மீ., 2014-ல் ஐந்து வயதில் இறந்தது. இங்கிலாந்தின் ஃப்ரெடி எட்டு வயதைக் கண்டது. டெக்சஸின் இன்னொரு சூஸுக்கு எலும்புப் புற்றுநோய் வந்து காலை எடுத்தார்கள். 2023-ல் மூன்று வயதில் போய்விட்டது. அயோவாவின் கெவின், 2024-ல் பட்டம் அறிவிக்கப்பட்ட சில நாட்களில், அதுவும் மூன்று வயதில் இறந்தது. உலகமே ஒளிப்படத்தில் பார்த்து வியந்த நாய்கள் இவை. பார்த்தவர்களில் பலர் ‘எனக்கும் இப்படி ஒன்று வேண்டும்’ என்று நினைத்தார்கள். வயதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

“ஆயுள் குறைவாக இருந்தால் என்ன? இருக்கும் நாட்களில் நிறைய அன்பு கொடுப்போம்” என்று சொல்பவர்கள் உண்டு. எதிர்த்தரப்பின் வாதங்களில் மனதைத் தொடுவது இதுதான். ஆனால் தவறும் இதில்தான் அதிகம். 74 இனங்களை ஒப்பிட்டு 2013-ல் ஜெர்மன் ஆய்வாளர் கொர்னேலியா க்ரவுசும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, எடை இரண்டு கிலோ கூடினால் ஆயுள் சுமார் ஒரு மாதம் குறைகிறது என்று கணக்கிட்டது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று அதில் உண்டு: பெரிய நாய்கள் சீக்கிரம் சாவதற்குக் காரணம், அவை வேகமாக மூப்படைவது. அமெரிக்கக் கென்னல் கிளப்பே கிரேட் டேனுக்கு 7 முதல் 10 ஆண்டும், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டுக்கு 6 முதல் 8 ஆண்டும், டோக் டி போர்டோவுக்கு 5 முதல் 8 ஆண்டும்தான் ஆயுள் என்கிறது. அதாவது இரண்டு வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கும் நாய், ஐந்தாறு வயதில் கிழமாகத் தொடங்கிவிடுகிறது. இடையில் முழுத் தெம்போடு அது வாழ்வது மூன்று நான்கு ஆண்டு. ‘இருக்கும் நாட்களில்’ என்று நாம் சொல்லும் நாட்களில் பெரும்பகுதி வளர்ச்சியின் வலியும் மூப்பின் வலியும்தான்.

அந்த மூப்பு எப்படி இருக்கும் என்பதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. இரண்டாம் மாடியில் இருந்த ஒரு கிரேட் டேன் பின்னங்கால் விழுந்துபோன நாளில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மின்தூக்கி கிடையாது. கனமான போர்வை ஒன்றை அதன் அடியில் நுழைத்து, நாலு முனையையும் நாலு பேர் பிடித்து, படி படியாக இறக்கினார்கள். திருப்பத்தில் போர்வை சுவரில் உரசியது. நாய் பயத்தில் சிறுநீர் விட்டது. அந்த வெட்கத்தில் முகத்தைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டது. கீழே ஆட்டோக்காரர் நாயின் தலையைப் பார்த்ததுமே முடியாது என்றார். கடைசியில் குட்டியானை பிடித்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வீட்டுத் தாத்தா, தினமும் அதற்குச் சோறு வைத்தவர், தூக்க முடியாத கையோடு மேலே நின்றுவிட்டார். பதினெட்டு கிலோ நாயாக இருந்தால் அவரே தோளில் போட்டு இறக்கியிருப்பார். நோயில் தூக்க முடியாத உயிரைப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவது கடினம்.

இதில் பணத்தின் பங்கையும் மறைக்க வேண்டாம். மயக்க மருந்து, ஆன்டிபயாடிக், உண்ணி மாத்திரை எல்லாமே எடைக்குத் தக்கபடிதான். உலர் தீவனம் நாளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். முதல் ஆண்டு உற்சாகத்தில் செலவு தெரியாது. முதல் பெரிய நோயில் தெரியும். சில வீடுகளில் நாய் மொட்டை மாடிக்குப் போகும், பிறகு உறவினரின் தோட்டத்துக்குப் போகும், பிறகு ஏதாவது ஒரு காப்பகத்தின் வாசலில் கட்டப்பட்டிருக்கும். சின்ன நாய்க்குப் புது வீடு கிடைப்பதைப்போல் இதற்குக் கிடைக்காது. பெரிய மனது உள்ளவரிடமும் அத்தனை பெரிய இடம் இருப்பதில்லை.

இனப் பற்றாளர்கள் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: “நாம் வாங்காவிட்டால் இந்த அருமையான இனங்கள் அழிந்துவிடும். இவை மனிதனுக்கு எவ்வளவு உதவியவை!” அவர்கள் முதலில் காட்டும் சான்று செயின்ட் பெர்னார்ட். சரி, அதன் வரலாற்றையே எடுப்போம். சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயின் துறவியர் விடுதியில், பனியில் சிக்கிய பயணிகளைத் தேடிய நாய்கள் அவை. அவற்றில் புகழ்பெற்ற பாரி 1800-ல் பிறந்து 1814-ல் இறந்தது. நாற்பது பேரைக் காப்பாற்றியது என்பார்கள். அதன் எடை நாற்பது, நாற்பத்தைந்து கிலோதான். பாரியின் காலத்துக்குப் பின் கடும் குளிர்காலங்களில் நாய்கள் பல மாண்டுபோக, 1830 வாக்கில் நியூஃபவுண்ட்லாந்தோடு கலந்தார்கள். நீண்ட மயிரில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு நாயைக் கீழே இழுத்தது, வேலைக்கு உதவவில்லை. பள்ளத்தாக்கில் வளர்ப்பவர்களும் கண்காட்சிகளும் அந்தக் கனத்த உருவத்தையே விரும்பின. இன்று ஆண் நாய் எழுபது, எண்பது கிலோ சாதாரணம். பன்னாட்டு நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.-யின் இன இலக்கணம், உச்ச அளவான 90 செ.மீ. உயரத்தைத் தாண்டினாலும், உடல் சீராகவும் நடை சரியாகவும் இருந்தால் குற்றமில்லை என்கிறது. பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாரியின் பாடம் செய்த உடல் இருக்கிறது. 1923-ல் அதைப் புதுப்பித்தபோது, அன்றைய கண்காட்சி நாய்களின் சாயலுக்கு ஏற்ப அதன் தலையின் வடிவத்தையே மாற்றினார்கள். காப்பாற்றிய நாயின் தலையைக்கூட நம் விருப்பத்துக்குத் திருத்திவிட்டு, ‘பழைய இனத்தைக் காக்கிறோம்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே இனத்தைக் காப்பது வேண்டுமானால், அதை அதன் பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் காப்பு. எடையைக் குறை, மரபணு வட்டத்தை விரி, இதயமும் இடுப்பும் சோதிக்காத நாயை ஈன விடாதே. இதைச் செய்யும் சங்கத்தை நான் ஆதரிப்பேன். எண்பது கிலோவாக வளரும் குட்டிகளை வாங்கிக்கொண்டே இருப்பது இனத்தைக் காக்காது. அதன் நோயைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைக்கும்.

துணை என்றால் என்ன? சேர்ந்து நடப்பது, சேர்ந்து பயணம் போவது, ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்த வயதிலிருந்து கல்லூரி போகும்வரை வாசலில் காத்திருப்பது, நோய் வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிவது. இந்த நாலிலும் ராட்சத நாய் தோற்றுப்போகிறது. தன் குற்றத்தால் அல்ல, நாம் கொடுத்த உடலால். நம் தெருவில் பிறந்த பதினைந்து, இருபது கிலோ குட்டி இந்த நாலிலும் நிற்கும். தடுப்பூசியும் வேளைக்கு உணவும் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு வயதையும் தாண்டி நம்மோடு இருக்கும். இந்த வெயில் அதன் சொந்த வெயில். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நாட்டு இனத்தின் பக்கம் எல்லோரும் ஓடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவை ஓட நிலம் கேட்கும் வேட்டை நாய்கள். அடுக்ககத்தில் அடைத்தால் அதுவும் கொடுமையே. வீட்டின் அளவுக்கும், நம் கையின் பலத்துக்கும், ஊரின் வெயிலுக்கும் ஏற்ற நாயைத் தேடுங்கள் என்பதே நான் சொல்வது.

ஏற்கெனவே வீட்டில் ராட்சத நாய் இருப்பவர்களை இந்தக் கட்டுரை குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கைவிடப்பட்டதை எடுத்து வளர்ப்பவர்களுக்கு என் வணக்கம். அவர்களிடம் கேட்பது இவ்வளவே: நாயை ஒல்லியாக வையுங்கள், மருத்துவர் சொல்லாமல் கால்சியம் கொடுக்காதீர்கள், வயிற்று முன்தடுப்பு அறுவை பற்றி இந்த மாதமே கேளுங்கள், தரையில் வழுக்காத விரிப்புப் போடுங்கள், ஆண்டுதோறும் இதயத்தைச் சோதியுங்கள், குட்டி போடவிடாதீர்கள்.

வாங்க நினைப்பவர்களிடம் கேட்பது ஒன்றே: வாங்காதீர்கள். 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகள், குட்டி வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அவற்றோடு, ஐம்பது கிலோவைத் தாண்டும் இனங்களுக்குத் தாய் தகப்பன் இருவரின் இதய, இடுப்புப் பரிசோதனைச் சான்று இல்லாமல் விற்பனை கூடாது என்ற விதியையும் அரசு சேர்க்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப், கண்காட்சி மேடையில் கனத்த உடலுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்த வேண்டும். கால்நடை மருத்துவர்கள் நோய் வந்தபின் சொல்வதைக் குட்டி வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். இவற்றில் எது நடக்க நாளானாலும், வாங்க மறுப்பது நம் கையில் இன்றே இருக்கிறது. பெரிய நாய்களை யார் அதிகம் நேசிக்கிறார்கள் என்று கேட்டால், அப்படி ஒரு நாய் இனி அந்த வலியோடு பிறக்க வேண்டாம் என்று நினைத்து, ஆசையை அடக்கிக்கொள்கிறவரைத்தான் நான் சொல்வேன்.